குச்சியா, பேட்டரியா, சில்லா? புதிய விளையாட்டுக் கருவி வாங்கும் முன் ஒரு வாரச் சோதனை

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஜொகூர் பாரு வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "அப்பா, இது பழசாயிருச்சுப்பா. ஸ்விட்ச் 2 வாங்குவோமா?" பையன் நீட்டுவது ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிண்டெண்டோ ஸ்விட்ச். திரையில் கீறல் இருக்கிறது. பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. கையை எடுத்தபிறகும் திரையில் இருக்கும் பாத்திரம் தானாக இடப்பக்கம் நடந்துபோகிறது. கேட்பதில் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிகிறது.

அந்த அப்பா விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருபவராக இருக்கலாம். ஸ்கூடாயிலோ கூலாயிலோ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அம்மாவாகவும் இருக்கலாம். அல்லது சொந்தச் சம்பளத்தில் தனக்கே வாங்கிக்கொள்ள நினைக்கும் இளைஞர் நீங்களாகவே இருக்கலாம்.

2025 ஜூன் 5-ஆம் தேதி வெளிவந்த ஸ்விட்ச் 2-இன் அன்றைய அமெரிக்க விலை 449.99 டாலர். ஒரு டாலருக்கு 4 வெள்ளி என்று கணக்கிட்டாலே 1,800 வெள்ளி ஆகிறது. நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக, இது ஒருவரின் ஒரு மாத உழைப்பைத் தாண்டிய முடிவு. அதை "பழசு", "புதுசு" என்ற இரண்டு சொற்களை வைத்து எடுத்துவிடக் கூடாது.

கையடக்கக் கருவி ஒன்று மொத்தமாக ஒரே நாளில் பழையதாவதில்லை. உறுப்பு உறுப்பாகத்தான் பழையதாகிறது. குச்சி தேய்வதற்கு ஒரு காரணம், பேட்டரி தளர்வதற்கு வேறொரு காரணம், சில்லு பின்தங்குவதற்கு இன்னொரு காரணம். உங்கள் கருவியில் எது தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், கடைக்குப் போவதா, பழுதுபார்ப்பவரிடம் போவதா, சும்மா இருப்பதா என்பது தானாகவே விளங்கிவிடும்.

தானாக நகரும் குச்சி

முதலில், அந்தத் தானாக நடக்கும் பாத்திரம். கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சியின் கோளாறு இது. விளையாடுவோர் இதை 'டிரிஃப்ட்' என்பார்கள்.

பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு இருக்குமே, நினைவிருக்கிறதா? அதைத் திருகும்போது சில நேரம் 'கரகர' என்று சத்தம் வரும். அந்தத் திருகுக்குள் இருப்பதும், ஸ்விட்ச் கருவியின் ஜாய்-கான் குச்சிக்குள் இருப்பதும் ஒரே தத்துவம்தான். கரிப்பூச்சு பூசிய ஒரு தடத்தின்மேல் சிறிய உலோக நாக்கு ஒன்று உரசியபடி நகரும். நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். குச்சி நடுவில் இருக்கிறதா, இடப்புறம் சாய்ந்திருக்கிறதா என்பதை அந்த அழுத்தத்தை வைத்துத்தான் கருவி தெரிந்துகொள்கிறது.

ஆயிரமாயிரம் முறை உரசும்போது கரிப்பூச்சு தேய்கிறது. தூளும் தூசியும் உள்ளே தங்குகின்றன. குச்சி நடுவில் நின்றாலும் மின்னழுத்தம் நடுவைக் காட்டாமல் கொஞ்சம் விலகிக் காட்டுகிறது. கருவியோ, நீங்கள் குச்சியைத் தள்ளுவதாக நினைத்துக்கொள்கிறது. இந்தக் கோளாறு உலகம் முழுவதும் பெரிய புகாராகி, நிண்டெண்டோ நிறுவனத்தின் தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா 2020 ஜூனில் வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

சரி, இதற்காகப் புதுக் கருவி வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. முதலில் கருவியின் அமைப்புகளுக்குள் சென்று, 'கட்டுப்பாட்டுக் கருவிகளும் உணரிகளும்' என்ற பகுதியில் குச்சியை மறுசீரமைக்கும் வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். 'நடு' என்பது எது என்று கருவிக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பதுதான் அது. தேய்மானம் குறைவாக இருந்தால் இதுவே போதும். போதவில்லை என்றால், ஜாய்-கானுக்குள் இருக்கும் குச்சிப் பாகத்தை மட்டும் மாற்றிவிடலாம். அது தனிப் பாகமாகவே கிடைக்கிறது. மூன்று கிளை கொண்ட சிறப்புத் திருப்புளி தேவைப்படும் என்பதால், பழக்கம் இல்லாதவர்கள் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

உரசலே இல்லாத குச்சிகளும் உண்டு. குச்சியின் அடியில் ஒரு சிறு காந்தத்தை வைத்து, அது நகரும்போது காந்தப்புலம் மாறுவதை ஓர் உணரியால் அளப்பார்கள். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த 'ஹால் விளைவு' என்பது இதுதான். இதில் ஒன்றோடொன்று உரசும் தடம் இல்லை என்பதால் அந்தவகைத் தேய்மானமும் இல்லை. வேறு நிறுவனங்கள் இப்படிப்பட்ட மாற்றுக் குச்சிகளைத் தயாரித்து விற்கின்றன.

ஆனால் ஸ்விட்ச் 2-இன் குச்சிகள் ஹால் விளைவில் இயங்குபவை அல்ல என்று நிண்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. குச்சி நகர்கிறது என்பதற்காக மட்டும் 1,800 வெள்ளி கொடுத்தால், அந்தத் தொல்லையிலிருந்து நிரந்தர விடுதலை கிடைத்துவிடும் என்று நம்ப முடியாது.

பேட்டரியின் வயது

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரிக்குள் ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் ஒரு சிறு பங்கு லித்தியம் வேண்டாத வேதிவினைகளில் சிக்கி, திரும்பி வராமலே போய்விடுகிறது. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறைகிறது. ஏறக்குறைய 800 முறை முழுமையாக மின்னேற்றியபின் பேட்டரி தன் பழைய திறனில் 80 விழுக்காடு அளவுக்குத் தாங்கும் என்பது நிண்டெண்டோ தரும் கணக்கு. தினமும் ஒரு முறை முழுதாக ஏற்றினால் இரண்டே கால் ஆண்டில் அந்த நிலை வந்துவிடும்.

நம் ஊரில் இதோடு இன்னொரு பகையும் சேர்கிறது. அது வெப்பம். வேண்டாத வேதிவினைகள் வெப்பத்தில் வேகமெடுக்கும். பேட்டரி முழுதாக ஏறிய நிலையில் வெப்பத்தில் கிடந்தால் இன்னும் வேகம். கருவியை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறார் தயாரிப்பாளர். ஜொகூரில் வீட்டுக்குள் அது பெரும்பாலும் சாத்தியமே. ஆனால் நண்பகலில் பேரங்காடியின் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். "ஒரு மணி நேரம்தானே" என்று கருவியைக் காரிலேயே விட்டுப்போகும் பழக்கம், ஆண்டுக்கணக்கில் பேட்டரியின் ஆயுளைத் தின்றிருக்கும்.

பேட்டரியை மாற்ற முடியும். ஆனால் அது பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். வளைத்தோ குத்தியோ எடுத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். கருவியின் பின்புறம் உப்பியிருந்தாலோ திரை மேலெழும்பி இருந்தாலோ உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மீண்டும் மின்னேற்றாதீர்கள். வீங்கிய பேட்டரிக்கு மட்டும் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது.

2019 சொல்லித்தந்த பாடம்

பேட்டரி சீக்கிரம் இறங்குவதற்கு எல்லா நேரமும் பேட்டரிதான் காரணம் என்றும் நினைக்காதீர்கள். இதற்கு ஸ்விட்சின் வரலாற்றிலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது.

2017 மார்ச் 3-இல் வெளிவந்த முதல் ஸ்விட்சில் 4,310 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இருந்தது. விளையாட்டைப் பொறுத்து இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடும் என்றார்கள். 2019-இல் அதே தோற்றத்தில், அதே அளவு பேட்டரியோடு மாற்றப்பட்ட கருவி ஒன்று வந்தது. அது நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஓடியது! பேட்டரி மாறவில்லை. மாறியது சில்லு.

முதல் ஸ்விட்சில் இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 சில்லு 20 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 2019-இல் அதையே 16 நானோமீட்டர் முறையில், வேறு வடிவ டிரான்சிஸ்டர்களோடு செய்தார்கள். டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்துக்கு ஒரு குழாய்த் திறப்பான் போன்றது. பழைய வடிவத்தில் மேலிருந்து மட்டும் அழுத்தி அடைப்பார்கள். அடைத்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் கசியும். புதிய வடிவத்தில் மின்சாரம் போகும் பாதை ஒரு மெல்லிய சுவர்போல் எழுந்து நிற்கும். அதை மூன்று பக்கமும் சூழ்ந்து அழுத்தி அடைப்பார்கள். அதனால் கசிவு குறைகிறது. மிச்சமான மின்சாரம்தான் கூடுதல் விளையாட்டு நேரம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 4,310 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் ஏறக்குறைய 16 வாட்-மணி. கனமான விளையாட்டில் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்தால் மணிக்கு 6.4 வாட் செலவு. நாலரை மணி நேரம் நின்றால் 3.5 வாட்தான். ஒரே விளையாட்டு, பாதிக்குச் சற்றே கூடுதலான மின்சாரம்.

உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது எளிது. கருவியின் மேல் உள்ள மாதிரி எண்ணைப் பாருங்கள். எச்.ஏ.சி-001 என்று மட்டும் இருந்தால் 2017-இன் முதல் வகை. அதன்பின் அடைப்புக்குள் -01 என்றும் இருந்தால் 2019-இன் மேம்பட்ட வகை. முதல் வகை வைத்திருப்பவருக்குப் புதிய பேட்டரி போட்டாலும் கனமான விளையாட்டில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் ஓடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

சில்லு உண்மையில் எதைத் தருகிறது?

இனி, புதுக் கருவி வாங்குவதற்கான உண்மையான காரணத்துக்கு வருவோம். குச்சியை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம். சில்லை மாற்ற முடியாது. பழைய கருவியை விட்டுப் புதியதற்குப் போவதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக அதைத்தான்.

வித்தியாசம் சிறியதல்ல. படம் வரையும் கணக்குகளைச் செய்யும் மையங்கள் முதல் ஸ்விட்சில் 256. ஸ்விட்ச் 2-இல் 1,536. இயக்க நினைவகம் 4 ஜிகாபைட்டிலிருந்து 12 ஆகியிருக்கிறது. சேமிப்பிடம் 32 ஜிகாபைட்டிலிருந்து 256. இவற்றோடு 'டிஎல்எஸ்எஸ்' என்ற உத்தியும் வந்திருக்கிறது. படத்தைக் குறைந்த நுணுக்கத்தில் வரைந்துவிட்டு, பயிற்சி பெற்ற நரம்பியல் வலைப்பின்னல் ஒன்றைக் கொண்டு விடுபட்ட நுணுக்கத்தை நிரப்புவது அது. முழுப்படத்தையும் வரைவதைவிட இதற்கு உழைப்பு குறைவு.

கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? 'செல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' விளையாட்டு பழைய கருவியில் நொடிக்கு 30 படங்கள் என்ற வேகத்தில் ஓடும். ஸ்விட்ச் 2-க்கான பதிப்பில் 60. அசைவு வழவழப்பாகிறது, விரலின் சொல்லுக்குத் திரை சீக்கிரம் பதில் சொல்கிறது. இந்த மேம்பாட்டுக்குத் தனியே காசு கட்ட வேண்டும். 'போக்கிமான் ஸ்கார்லெட்', 'வயலெட்' போன்ற சிலவற்றுக்கு மேம்பாடு இலவசமாகவே கிடைத்தது. 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' போன்றவை புதுக் கருவியில் மட்டுமே ஓடும்.

ஆனால் வேகமான சில்லுக்குப் பசியும் அதிகம். ஸ்விட்ச் 2-இல் 5,220 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இருந்தும், அது நிற்பது இரண்டு முதல் ஆறரை மணி நேரம்தான். 2019-இன் ஸ்விட்சோ 2021-இல் வந்த ஓலெட் திரை ஸ்விட்சோ வைத்திருப்பவர் புதியதற்கு மாறினால், ஒரே மின்னேற்றத்தில் விளையாடும் நேரம் குறையும்! எடையும் கூடும்: முதல் ஸ்விட்ச் ஜாய்-கானோடு ஏறக்குறைய 400 கிராம், புதியது 530 கிராமுக்கு மேல். வூட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பேருந்து வரிசையில் நின்றபடி விளையாடுபவருக்கு இந்த இரண்டும் முக்கியம். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் குடும்பத்துக்கு இரண்டும் பொருட்டே இல்லை.

திரை விஷயத்திலும் இப்படித்தான். புதிய திரை 7.9 அங்குலம், 1080 வரிகள், நொடிக்கு 120 முறை வரை மாறக்கூடியது. பழையது 6.2 அங்குலம், 720 வரிகள். ஆனால் புதியது எல்சிடி வகை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டுமானால் அணைந்துவிடும். எனவே ஓலெட் ஸ்விட்ச் வைத்திருப்பவருக்குக் கறுப்பின் ஆழம் குறைந்ததுபோல் தெரியலாம்.

புதிய தொழில்நுட்பம் வைத்திருப்பதே வெற்றி ஆகிவிடாது என்பதை இந்தத் துறை ஆரம்பத்திலேயே கண்டிருக்கிறது. 1989-இல் வந்த கேம் பாய்க்கு வண்ணமும் இல்லை, பின்விளக்கும் இல்லை. அதே ஆண்டு வந்த அட்டாரி லிங்க்ஸுக்கு இரண்டும் இருந்தன. ஆனால் லிங்க்ஸ் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய் நான்கே பேட்டரியில் அதைவிட நெடுநேரம் ஓடியது. அடுத்து வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து கேம் பாய் விற்றது 11 கோடிக்கும் மேல். லிங்க்ஸ் இன்று பலருக்குப் பெயரே தெரியாது.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

புதுக் கருவியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. கடைக்குப் போகும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, நினைவக அட்டை. உங்களிடம் உள்ள பழைய மைக்ரோஎஸ்டி அட்டையில் விளையாட்டுகளை வைத்து ஸ்விட்ச் 2-இல் ஓட்ட முடியாது. எடுத்துவைத்த படங்களையும் காணொளிகளையும் மட்டும் அதிலிருந்து எடுக்கலாம். விளையாட்டுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான அட்டை வேண்டும். அதன் விலை கூடுதல்.

இரண்டு, சாவி அட்டைகள். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில விளையாட்டு அட்டைகளுக்குள் விளையாட்டே இருக்காது. இணையத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அட்டை ஒரு சாவி மட்டுமே. வீட்டில் இணைய வேகம் குறைவு என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். பெட்டியின் முன்புறத்தில் இதைக் குறிப்பிட்டிருப்பார்கள். படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று, மலிவாகக் கிடைக்கும் ஜப்பானியக் கருவி. ஜப்பானில் 2025-இல் 49,980 யென்னுக்கு வெளிவந்த ஸ்விட்ச் 2 ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். ஜப்பான் என்று பதிவுசெய்த கணக்கோடு மட்டுமே இணையும். பல மொழிகளில் இயங்கும் கருவிக்கு அங்கேயே அப்போது 69,980 யென். யாராவது வியக்கத்தக்க மலிவு விலை சொன்னால், "இது எந்த மொழிக் கருவி?" என்று முதலில் கேளுங்கள்.

நான்கு, உத்தரவாதம். பாலம் தாண்டினால் அந்தப் பக்கமும் கடைகள். மூன்று முனைச் செருகி கூட இரு நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் சட்டம் ஒன்றல்ல. மலேசியாவில் வாங்கினால் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதையும் அந்தச் சட்டம் பேசுகிறது. தகராறு வந்தால் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். சிங்கப்பூரில் வாங்கிய பொருளுக்காக இங்கே அந்தக் கதவைத் தட்டுவது கடினம். மாற்று விகிதத்தில் மிச்சமாவதையும் இதையும் எடைபோட்டுப் பாருங்கள்.

காத்திருந்தால் விலை குறையுமா?

"இப்போது வேண்டாம், இரண்டு வருடம் கழித்து மலிவாகிவிடும்" என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கமான யோசனை. ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. இப்போது அப்படி நம்பியிருக்க முடியவில்லை. முதல் ஸ்விட்ச் 2017-இல் அமெரிக்காவில் 299.99 டாலருக்கு விற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், அதன் விலை 339.99 டாலர் ஆனது. குறையவில்லை, ஏறியது.

இதில் நம் மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கூலாய், செடெனாக், நுசாஜெயா பக்கம் போகிறவர்கள் சாளரமே இல்லாத பெரிய கட்டடங்கள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை தரவு மையங்கள். செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும் இத்தகைய மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் மலைமலையாகத் தேவைப்படுகின்றன. ஸ்விட்ச் 2-இலும் கைப்பேசிகளிலும் இருக்கும் எல்பிடிடிஆர்5எக்ஸ் வகை நினைவகத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கணினிகள் சிலவும் பயன்படுத்துகின்றன. தயாரிப்பவை உலகில் ஒருசில நிறுவனங்களே. கேட்பவர் கூடினால் விலை ஏறத்தானே செய்யும்?

ஆகவே, விலை குறையும் என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். விலை ஏறும் என்ற பயத்தில் அவசரப்பட்டும் வாங்காதீர்கள். இப்போதுள்ள கருவியால் ஆகாத ஒன்று உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் நாள்வரை காத்திருங்கள். தாமதத்தில் ஒரு நன்மையும் உண்டு: அதற்குள் புதுக் கருவிக்கு விளையாட்டுகள் அதிகம் வந்திருக்கும்.

பழையது எங்கே போகும்?

உலகில் 2022-ஆம் ஆண்டு மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னியல் கழிவு உருவானது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் விதிகளின்படி மின்னியல் கழிவு அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. ஜொகூரில் 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவதும் கட்டாயம்.

கழிவை அலட்சியமாகக் கொட்டினால் என்ன ஆகும் என்று ஜொகூர் மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்டது மின்னியல் கழிவு அல்ல, வேதிக்கழிவு. ஆனாலும் 111 பள்ளிகள் மூடப்பட்டதும், பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனதும் இன்னும் மறக்கவில்லை. யாரோ ஒருவர் 'எங்கேயாவது போகட்டும்' என்று நினைத்ததன் விளைவு அது.

லித்தியம் பேட்டரி உள்ள கருவி குப்பை லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். எனவே, மாற்றுவதென்று முடிவெடுத்தால் பழையதைக் குப்பையில் போடாதீர்கள். ஓடும் நிலையில் இருந்தால் தம்பி தங்கைக்கோ சொந்தக்காரப் பிள்ளைக்கோ கொடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். ஓடாவிட்டால் சுற்றுச்சூழல் இலாகாவின் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். கைமாற்றும் முன், சேமித்த விளையாட்டுகளைப் புதுக் கருவிக்கு மாற்றி, கணக்கை நீக்கி, கருவியைத் தொடக்கநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கைக்கருவிகளின் சுற்றுச்சூழல் சுமையில் பெரும்பகுதி அவற்றைத் தயாரிக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது. பயன்படுத்தும்போது செலவாகும் மின்சாரம் அதோடு ஒப்பிட்டால் சிறிது. இருக்கும் கருவியை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய சேமிப்பு.

ஒரு வாரம், ஒரு நோட்டுப் புத்தகம்

இப்போது சோதனைக்கு வருவோம். பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒரு வாரம் விளையாடும்போதெல்லாம் எரிச்சல் வந்த இடத்தை எழுதச் சொல்லுங்கள். குச்சி நகர்ந்ததா? பேட்டரி எத்தனை மணி நேரத்தில் இறங்கியது? விளையாட்டு திக்கித் திக்கி ஓடியதா? எந்த விளையாட்டு? இடம் போதவில்லையா? விளையாட ஆசைப்பட்டு, இந்தக் கருவிக்கு வராததால் முடியாமல் போன விளையாட்டு எது?

வார முடிவில் சேர்ந்து உட்கார்ந்து எண்ணுங்கள். குச்சியும் பேட்டரியும்தான் அதிகம் என்றால், போக வேண்டியது பழுதுபார்ப்பவரிடம். இடம் போதாமை என்றால், சாதாரண மைக்ரோஎஸ்டி அட்டை ஒன்று போதும். திக்கல்தான் அதிகம் என்றால் முதலில் காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெப்பம் வெளியேறாவிட்டால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி இல்லாமலும் திக்கினால், அல்லது விளையாட முடியாத விளையாட்டுகளின் பட்டியல் நீண்டால், அது சில்லின் எல்லை. பழுதுபார்ப்பதால் தீராது. அப்போது வாங்குங்கள். மனக்குறை இல்லாமல் வாங்கலாம்.

நோட்டில் ஒன்றுமே எழுதப்படாமல் ஒரு வாரம் போய்விட்டால்? "புதுசு வாங்குவோமா?" என்ற கேள்விக்குப் பதில் அந்த வெற்றுப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பிள்ளையே வாசித்துச் சொல்லட்டும்.